ஐந்தாம் எண் ஏலதாரர்

ஏலத்தில் பொய்யாக ஓர் ஆளை நிறுத்தும் வேலையை வெள்ளிங்கிரி சார் என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. பிரிவில் இருந்த மற்ற மூன்று பேரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களால் சொல்ல முடியும். அவர்களுடைய குடியிருப்பு அட்டை பச்சை நிறம். என்னுடையது மஞ்சள். வேலை இருக்கும் வரைக்கும்தான் மஞ்சள் அட்டை செல்லும்.

"ஏம்மிணி, உக்காராத. நின்னுட்டே கேளு. நெம்ப நேரம் ஆவாது," என்றார் சார்.

நின்றுகொண்டே கேட்டேன்.

"கோடைக்குக் கூடுதலா வேணுங்கற கரண்ட வாராவாரம் ஏலத்துல வாங்கறோம். தெரியுமல்ல? நாலு கம்பெனிதான் வருது. நாலு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு நாலு ரூவாய்லயே நிக்கறானுங்க. அஞ்சாவதா ஒருத்தன் உள்ள வந்து விலையக் கொறச்சாத்தான் பயந்துட்டு எறங்குவானுங்க. அந்த அஞ்சாவது ஆளு நெசமா இருக்கோணும்னு இல்ல."

"டம்மியா சார்?"

"சத்தமாச் சொல்லாத. பயிற்சின்னு சொல்லு."

பக்கத்து மேசையில் சௌடேஸ்வரி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அவியளுக்குப் பொய்யி நல்லா வருமுங் சார். ரேஷன்ல இல்லாத ஆளுக்கெல்லாம் பேரு குடுத்த சனந்தானே."

எங்கள் ஊர் சிப்பிமுனை கடலுக்குள் மூழ்கிய வருஷம், காணாமல் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று நினைத்து அவர்கள் பெயரையும் ரேஷனுக்கு எழுதிக் கொடுத்தோம். அது உண்மைதான். எங்கள் ஊரில் மிஞ்சிய நாற்பது குடும்பங்களை இந்த மலையடி நகரத்துக்குக் கொண்டுவந்து, தகரக் கொட்டகை முகாமில் இறக்கி இரண்டு வருஷம் ஆகிறது. மின் வழங்கல் கூட்டுறவின் கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை கிடைத்து ஏழு மாதம். இந்த ஏழு மாதத்தில் யாரும் என்னை டெல்பினா என்று கூப்பிட்டதில்லை. கடல்காரி என்பார்கள். சார் மட்டும் அம்மிணி என்பார். அதில் மரியாதை எவ்வளவு, ஏளனம் எவ்வளவு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஏலத்தில் கலந்துகொள்வது மனிதர்கள் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணினி நிரல். அதுவே பேசும், அதுவே விலை கேட்கும். திரையில் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். புது நிரலுக்கு எழுதிக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, பேசிக் கற்றுக்கொடுத்தால் போதும். மூன்று நாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஐந்தாம் எண்ணோடு பேசினேன். மூன்றாம் நாள் அது என் பேச்சையே பேச ஆரம்பித்தது. அப்படியே எங்கள் கரைப் பேச்சு. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கு அது கேட்டது: "டெல்பி, ஏலத்துல நான் ஜெயிச்சா என்ன செய்யணும்?"

நீ ஜெயிக்க மாட்டாய், சும்மா விலையை இறக்கிவிடத்தான் உன்னை வைத்திருக்கிறோம் என்று உண்மையைச் சொல்லலாம். ஆனால் ஏலத் தளம் புதிதாக வரும் ஒவ்வொரு நிரலையும் இதே கேள்வி கேட்டுச் சோதிக்கும். தப்பாகச் சொன்னால் உள்ளே விடாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஏலம் ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"எங்க கரையில யாரு கடைசியாக் கேக்காங்களோ அவங்கதான் கூடையத் தூக்கணும். வெளையாட்டுக்குக் கேட்டாலும் தூக்கணும். கையில ஒண்ணும் இல்லன்னாலும் எப்படியாவது தூக்கணும். கேட்டுட்டு ஓடப்பிடாது."

உண்மையிலேயே அப்படித்தான். விலையை ஏற்றிவிடுவதற்காகச் சும்மா கேட்ட ஒருவர், ஏழு கூடை சாளை மீனைத் தலையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அவரை வீட்டுக்குள் விடவில்லை.

"எப்படியாவது தூக்கணும்," என்று அது திருப்பிச் சொன்னது. தளம் ஒரு நிமிஷத்தில் அதை ஏற்றுக்கொண்டது.

அன்று சாயங்காலம் முகாமுக்குப் போனபோது அப்பா தொட்டியடியில் இருந்தார். முகாமுக்குப் பின்னால் பன்னிரண்டு தொட்டிகள். உப்பு கரைத்த தண்ணீரில் கொடுவா மீன் வளர்க்கிறோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொட்டி. மீன் எடுக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. எந்தத் தொட்டியில் மீன் உயிரோடு எடுக்கிறார்களோ அந்தக் குடும்பத்துக்குப் பச்சை அட்டை. தொட்டி செத்தால் அந்தக் குடும்பம் அடுத்த முகாமுக்கு மாற்றம். அதிகாரிகள் ஒவ்வொரு தொட்டியிலும் உயிருள்ள மீனை எண்ணுகிற ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். முதல் பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் தேறினால்தான் மற்ற குடும்பங்களுக்குத் தொட்டி. எங்களுடையது ஒன்பதாம் எண்.

அப்பா காற்று மோட்டாரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும் மோட்டார் அது. நின்றால் இருபது நிமிஷத்தில் மீன் செத்துவிடும். பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும். ஜெனரேட்டருக்கு முகாமில் அனுமதி கிடையாது.

என் வேலையைப் பற்றிச் சொன்னேன். டம்மி என்று மட்டும் சொல்லவில்லை.

"ஏலம்னா வெல ஏறும்லா? இது என்னட்டி எறங்குது?"

"இங்க விக்கிறவங்கதான்ப்பா போட்டி போடுதாங்க. வாங்குறது எங்க ஆபீசு. ஆரு கொறச்சலாத் தாரேம்னு சொல்லுதாங்களோ அவங்களுக்கு."

"அப்பம் கடைசில நிக்கவனுக்கு நட்டம்லா?"

"அது அவங்க பாடு."

"அவங்க பாடுன்னு ஒண்ணு கெடையாதுட்டி. எவன் தலையிலயாவது எறக்கி வச்சுட்டுத்தான் போவான்," என்றார். சொல்லிவிட்டு அடுத்த மோட்டாருக்குப் போனார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஏலம் தொடங்கியது. யூனிட் நாலு ரூபாய் இருபது பைசா. கடைசி மூன்று நிமிஷத்துக்குள் யாராவது குறைத்துக் கேட்டால் இன்னும் மூன்று நிமிஷம் நீளும். ஐந்தாம் எண் நாலு ரூபாய்க்கு இறங்கியது. மூன்றாம் எண் மூன்று தொண்ணூறு. ஐந்து, மூன்று எழுபது. சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"பாத்தியா? ஆடறானுங்க. எறக்கு, எறக்கு."

பன்னிரண்டே காலுக்கு விலை மூன்று ரூபாய் பத்துப் பைசா. கேட்டிருந்தது மூன்றாம் எண். மற்ற மூன்றும் அதற்கு முன்பே அடங்கிவிட்டன.

"சார், போதும் சார். இனிமே கொறச்சா நாமளே ஜெயிச்சிருவோம்."

"எத்தன வருசமா இந்த நாற்காலில இருக்கறன்? எனக்குச் சொல்றியா? அவன் இன்னும் ஒரு தடவ எறங்குவான். எறக்கு அம்மிணி."

"சார்..."

"எறக்குன்னா எறக்கு!"

ஐந்தாம் எண் இரண்டு எண்பத்தைந்து கேட்டது. மூன்று நிமிஷக் கணக்கு ஓடத் தொடங்கியது. திரை அசையவில்லை. இரண்டு நிமிஷம். ஒரு நிமிஷம். பிறகு திரை பச்சையானது. வென்றவர்: ஐந்தாம் எண்.

"ரத்து பண்ணு," என்றார். "எங்கிருக்குது ரத்து?"

நான் தேடுவதற்குள் அவர் போன் அடித்தது. கூட்டுறவுத் தலைவர். சார் விறைப்பாக நின்று பேசினார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததைப் பார்த்தேன். "ஆமாங்... வரலாற்றுலயே இல்லாத கொறச்ச விலைங்க... எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க," என்றார். போனை வைத்தபோது அவர் வேறு ஆள்.

"அப்படியே இருக்கட்டும். ஒரு வாரந்தானே. அது பாத்துக்கும்."

"எது சார் பாத்துக்கும்? அதுகிட்ட கரண்டே இல்லையே."

"நீ வளத்த புள்ளதானே? கேளு."

காதில் கருவியை மாட்டினேன். ஐந்தாம் எண் எனக்காகக் காத்திருந்தது போல உடனே பேசியது.

"கேட்டாச்சு. தூக்குததுக்கு வழியும் பாத்துட்டேன்."

"எங்க இருந்து தரப்போற?"

"எங்கிட்ட காத்தாடியும் கெடையாது, சோலாரும் கெடையாது. ஆனா ஒரு வீட்டுல ஒரு யூனிட்ட அணைச்சா இன்னொரு வீட்டுக்கு ஒரு யூனிட் மிச்சம். அந்த மிச்சத்தத் தூக்கிக் குடுக்கப் போறேன்."

"அணைச்சா சும்மா இருப்பாங்களா?"

"அவங்களுக்கு என்ன இழப்போ அதக் குடுத்துரணும். அதான் சட்டம். அதனால இழப்பே இல்லாத எடமாத் தேடுனேன். உங்க முகாம்ல ரெண்டு வருசத்துல நூத்தி அறுபது தடவ கரண்டு போயிருக்கு. ஒரு புகார் கூட இல்ல. ஒருத்தரும் ஒண்ணும் இழக்கல. இந்த ஊர்லயே ஆகச் சல்லிசான எடம் உங்களுதுதான். நாளைக்கு மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் எடுத்துக்கிடுதேன்."

புகார் இல்லாததற்குக் காரணம் இழப்பு இல்லாததில்லை. மஞ்சள் அட்டையில் மூன்று புகார் ஏறினால் தகராறு செய்கிறவர்கள் என்று எழுதி வேறு முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் நாங்கள் விசிறியை எடுத்து வீசிக்கொண்டு பேசாமல் இருந்தோம். தொட்டி வந்த பிறகு கரண்ட் போனதெல்லாம் பேட்டரி தாங்குகிற அளவுக்குத்தான்.

"அங்க மீன் தொட்டி இருக்கு. மோட்டார் நின்னா எல்லாம் செத்துரும்!"

"தெரியும். எண்ணுத பெட்டியப் பாத்துட்டுதான இருக்கேன். செத்தா இழப்புன்னு எழுதுவேன். எழுதுனா உங்க எடத்துக்கு வெல ஏறிரும். பெறவு நான் வேற எடம் பாப்பேன்."

"செத்த பெறவா?"

"அதுக்கு முந்தி அது இழப்பு இல்லையே, டெல்பி."

கருவியைக் கழற்றி வைத்துவிட்டு சாரின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டாமல் போனது அதுதான் முதல் தடவை.

"ஏலத்த நிறுத்துங்க சார். இல்லன்னா அஞ்சாம் நம்பர் பொய்யின்னு தளத்துக்கு நானே எழுதிப் போட்டுருவேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"போடு. அஞ்சாம் நம்பரத் தூக்கீட்டு மூணாம் நம்பருக்குக் குடுப்பான். மூணாம் நம்பரு எந்த ஊர்ல கரண்டு பண்றான்னு நெனச்ச?"

"அவங்க கம்பெனிலதான சார்?" என்றேன்.

"அட, மத்த நாலு பேரு நெசம்னா நெனச்சுட்டு இருந்த? நாலாம் நம்பரு போன வருசம் நானே போட்டது. ரெண்டாம் நம்பர எவன் போட்டான்னு அவனுக்கே மறந்துபோச்சு. ஒருத்தன் கிட்டயும் மெஷினு கெடையாது அம்மிணி. எல்லாரும் எங்கியோ அணைச்சுத்தான் இங்க குடுக்கறான். இத்தன நாளு உங்க பக்கம் வராம இருந்துச்சே, அதுக்கு சந்தோசப்படு."

"அப்பம் மூணாம் நம்பரும் எங்க முகாமத்தான் எடுப்பானா?"

"எது மலிவோ அதத்தான் எடுப்பான். உன்ற ஆளுங்க மலிவா இருந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "எழுதிப் போட்டுட்டு அப்படியே கெளம்பிரு. வேலை இல்லீன்னா கார்டு இல்ல. கார்டு இல்லீன்னா ஊரு இல்ல. உனக்குத்தான் ஊரே இல்லியே, அப்பறம் என்ன."

வெளியே வந்தபோது சௌடேஸ்வரி கேட்டாள்: "ஒரு மணி நேரம் மீனு மூச்சு விடாட்டி என்னாயிரும்? எங்க ஊட்ல கொழந்த வேர்க்குருல தூங்கறதே இல்ல. அதுக்கு யாரு வந்து அழுதாங்க?"

எழுதிப் போடவில்லை. என்ன எழுதினாலும் இருட்டு எங்களிடம்தான் வரும் என்று தெரிந்த பிறகு எழுத எனக்குக் கை வரவில்லை. சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் லீவு கேட்காமலே முகாமில் இருந்தேன். அப்பாவிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன், டம்மியை நான் வளர்த்ததையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. முகாம் முழுக்கப் போய், "ரெண்டு மணிக்கு எல்லாரும் தொட்டிக்கு வாங்க. தட்டு, வாளி, என்ன கெடைக்கோ அத எடுத்துட்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு மணிக்கு மோட்டார்கள் ஒரே நேரத்தில் பேட்டரிக்கு மாறின. இரண்டு பத்துக்கு அதுவும் நின்றது. பன்னிரண்டு மோட்டார் இரைந்த இடத்தில் சத்தமே இல்லை. அப்பா முதலில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். வாளியால் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார். நான் சோற்றுத் தட்டால் அடித்தேன். நாற்பது குடும்பமும் பன்னிரண்டு தொட்டிக்குள் இறங்கித் தண்ணீரை அடித்தது. தண்ணீரை உடைத்தால்தான் காற்று உள்ளே போகும். தகரத்துக்குக் கீழே நெருப்பு மாதிரி வெயில். பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. பத்தாம் தொட்டியில் சகாயம் அத்தை ரேஷன் அரிசி டின்னால் அடித்துக்கொண்டே சாரையும் அவர் அப்பனையும் அவர் பாட்டனையும் வைது தீர்த்தாள். அந்த வசவுக்கு ஏற்ற மாதிரி நாங்களும் அடித்தோம்.

இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், தொட்டி விளிம்பில் வைத்திருந்த என் போனில் ஐந்தாம் எண் பேசியது. ஒலிபெருக்கி போட்டிருந்ததால் அப்பாவுக்கும் கேட்டது.

"டெல்பி, பன்னெண்டு தொட்டியிலயும் ஒரு மீன் கூடச் சாகல. இழப்பு பூஜ்யம். நான் நெனச்சத விட நல்ல எடம் இது. மூணு மணி வரைக்கும் இப்படியே இருந்தா நாளைக்கு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிடுதேன். நாளான்னைக்கு நாலு."

"நாங்க கையால அடிச்சு உயிரக் குடுத்துக்கிட்டு இருக்கோம்! ஒனக்குத் தெரியலையா?"

"கைவலி பெட்டில வராது."

நாலு மணி நேரம் யாராலும் அடிக்க முடியாது. அரை மணி நேரத்துக்கே சகாயம் அத்தையின் வசவு நின்றுபோயிருந்தது.

"எவ்வளவு இழந்தா எங்கள விடுவ?" என்று கேட்டேன்.

"ஒரு தொட்டி. ஒரு தொட்டி போச்சுன்னா உங்க எடத்துக்கு மில் விடுதிய விட வெல கூடிரும். நாளைல இருந்து அங்க போயிருவேன். ஒரு வாரமும் உங்க பக்கமே வர மாட்டேன்."

அப்பா அடிப்பதை நிறுத்தவில்லை. வாளியைத் தூக்கியபடியே கேட்டார்: "மில் விடுதில ஆருட்டி இருக்கா?"

"ஒடிசாப் பையங்க. ஆயிரத்து எரநூறு பேரு. ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு அந்த நேரந்தான் தூங்குவாங்க," என்றேன்.

"அவனுவகிட்டயும் இன்னைக்கே போய்ச் சொல்லணும். அந்தத் தகரத்துக்குள்ள படுக்கப்பிடாது, மரத்தடிக்கு வந்துருங்கன்னு," என்றார். நாலைந்து வாளி ஊற்றினார். "மணி என்ன?"

"ரெண்டு நாப்பது," என்றேன்.

"மூணுக்குள்ள ஆயிரும்லா?"

அடிக்காமல் விட்டால் மீன் சாக இருபது நிமிஷம். அப்பா வாளியோடு எங்கள் தொட்டியை விட்டு மேலே ஏறினார். ஈர வேட்டியைப் பிழியாமல், நேராகப் பத்தாம் தொட்டிக்குப் போய் இறங்கினார்.

"நீங்க செத்த ஒக்காருங்க அக்கா. நான் ஊத்துதேன்," என்றார் சகாயம் அத்தையிடம்.

நான் ஒன்பதாம் தொட்டிக்குள்ளேயே நின்றேன். தட்டு கையில் இருந்தது. ஆழத்தில் இருந்த மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. முழங்காலில், தொடையில், எல்லா இடத்திலும் அவை வந்து முட்டின. ஒரு தடவை தண்ணீரை அடித்தேன். நான் அடித்த இடத்துக்கு எல்லா மீனும் ஓடி வந்தன.

"ஏறுட்டி," என்றார் அப்பா, என் பக்கம் பார்க்காமல். "அங்கன ஏழாம் தொட்டில ஆள் கொறைச்சலா இருக்கு."

ஏறினேன். ஏழாம் தொட்டிக்குள் இறங்கி அடிக்க ஆரம்பித்தேன். முதல் தொட்டியிலிருந்து யாரோ அப்பாவைப் பார்த்துக் கத்தினார்கள்: "ஏல இன்னாசி, ஒந்தொட்டில ஆளே இல்லல!"

"தெரியும்," என்றார் அப்பா. "நீங்க நிறுத்தாம அடிங்க."